வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் கொரோனா ஊசிக்கு ஏன் தயங்கினது, இனி ஒண்டு வந்தா என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: கொரோனா நேரம் லண்டன், ரொறன்ரோ பக்கம் இருக்கிற எங்கட தமிழ்ச் சனத்தில கனபேர் ஏன் ஊசி போடப் பின்வாங்கினவை, படிச்ச ஆக்கள் கூட ஏன் அப்பிடி நிண்டவை, இன்னொரு பெருந்தொற்று வந்தா ஒரு ஊர்ச் சங்கமோ கோயிலோ என்ன செய்யலாம். நான் லண்டனில பாமசியில வேலை செய்யிற ஆள், 2021இல ஊசி போடுற இடத்திலயும் நிண்டு, ராவில போனிலயும் இதைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தனான், அதால கொஞ்சம் நீளமாவே எழுதுறன்.

முதல்ல ஒண்டு. எங்கட சனம் தடுப்பூசிக்கு எதிரான சனம் இல்லை. பிள்ளையளுக்கு ஊசி போடுற விசயத்தில இலங்கை உலகத்திலயே முன்னுக்கு நிக்கிற நாடுகளில ஒண்டு. 90களில சண்டை நடக்கேக்க கூட போலியோ சொட்டு மருந்து குடுக்கிறதுக்காக ரெண்டு பக்கமும் துவக்கை நிப்பாட்டின நாட்கள் இருந்தது. அந்தக் காலத்தில பிள்ளை பெத்த அம்மாமார்தான் இண்டைக்கு லண்டன் ஹரோவிலயும் ஈஸ்ட்ஹாமிலயும் ரொறன்ரோ ஸ்காபரோவிலயும் இருக்கிற அம்மம்மாமார். தங்கட பிள்ளையளின்ர கிளினிக் காட்டை இடம்பெயரேக்கயும் கையோட கொண்டு திரிஞ்ச ஆக்கள் அவை. அப்ப அவை ஏன் 2021இல "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" எண்டு சொன்னவை?

ஊரில ஊசி எண்டா ஒரு ஆளும் சேர்ந்து வரும். மிட்வைஃப் படலையில வந்து நிண்டு, பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இந்தக் கிழமை கூட்டிக்கொண்டு வா எண்டு சொல்லுவா. அவவைத் தெரியும், அவவின்ர தாயைத் தெரியும், ஏதும் பிரச்சினை எண்டா போய்க் கேக்கவும் ஏலும். இஞ்ச என்ன வந்தது? தெரியாத நம்பரில இருந்து போனுக்கு ஒரு மெசேஜ், அதுக்குள்ள ஒரு லிங்க், அதை அமத்தினா இங்கிலீசில ஒரு ஃபோம். அந்த நேரத்தில லிங்கை அமத்தாதேங்கோ, காசைக் களவெடுப்பாங்கள் எண்டு பிள்ளையள்தான் சொல்லியும் வச்சிருந்தவை. தெரிஞ்ச முகம் இல்லாமப் போனதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம், மற்றக் காரணம் எல்லாம் அந்த வெற்றிடத்துக்குள்ளதான் வந்து பூந்தது.

கணக்கும் கொஞ்சம் பாப்பம். 2020 டிசம்பரில பிரிட்டனில ரோயல் சொசைட்டி ஃபோ பப்ளிக் ஹெல்த் எண்ட அமைப்பு கேட்டதில, வெள்ளைக்காரரில 79 வீதம் பேர் ஊசி போடுவம் எண்டவை, சிறுபான்மை இனத்தவரில 57 வீதம்தான். அதில ஆக்கள் பெரிசாக் கவனிக்காத இன்னொரு விசயமும் இருக்கு: மாட்டம் எண்டு சொன்ன சிறுபான்மை ஆக்களில மூண்டில ஒரு பங்குக்கு மேல, ஜிபி (குடும்ப டொக்டர்) கூப்பிட்டு விளங்கப்படுத்தினா மனம் மாறுவம் எண்டு சொன்னவை, மாட்டம் எண்ட வெள்ளைக்காரரில அப்பிடிச் சொன்ன பங்கு அதில கிட்டத்தட்ட அரைவாசிதான். அதாவது எங்கட "மாட்டன்" கனநேரம் "ஒராளும் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல" எண்டதுதான். தமிழருக்கெண்டு தனிக் கணக்கு ஒண்டையும் தேடாதேங்கோ, ஃபோமில இலங்கைத் தமிழர் "வேறு ஆசியர்" எண்ட பெட்டிக்குள்ளதான் புள்ளடி போடுறது, அதால எங்கட தெருவில என்ன நடக்குது எண்டு மேல இருக்கிறவைக்குத் தெரிய வழியே இல்லை.

இனி எங்களுக்கே உரிய ஒரு பிரச்சினை, இதைப் பற்றி ஒருத்தரும் சரியா எழுதி நான் பாக்கேல்ல. எங்கட குடும்பம் ஒரு நாட்டுக்குள்ள இல்லை. பெரியண்ணை லண்டனில, அக்கா ஒஸ்லோவில, சித்தப்பா பாரிசில, மச்சாள் சூரிச்சில, தம்பி ரொறன்ரோவில, அம்மா யாழ்ப்பாணத்தில, எல்லாரும் ஒரே வட்ஸ்அப் குறூப்பில. 2021 மார்ச் 11ஆம் தேதி நோர்வேயும் டென்மார்க்கும் அஸ்ட்ராசெனெகா ஊசியை நிப்பாட்டினது. 15ஆம் தேதி ஜேர்மனியும் பிரான்சும் நிப்பாட்டினது. நாலு நாளில திரும்பத் தொடங்கி, பிரான்ஸ் 55 வயசுக்கு மேல மட்டும் எண்டது, மாதக் கடைசியில ஜேர்மனி 60க்கு மேல எண்டது. கனடா மார்ச் 29இல 55க்குக் கீழ வேண்டாம் எண்டது, மூண்டு கிழமையில ஒன்ராறியோ 40க்கு மேல போடலாம் எண்டது, மே 11இல முதல் ஊசியா அதைப் போடுறதையே நிப்பாட்டினது. டென்மார்க் ஏப்ரலில முழுசாக் கைவிட்டது, நோர்வே மேயில கைவிட்டது. சுவிசில அந்த ஊசிக்கு அனுமதியே குடுக்கேல்ல. அதே நேரம் லண்டனில நாங்கள் அதைத்தான் லட்சக்கணக்கில போட்டுக்கொண்டிருந்தம்.

இப்ப அந்தக் குறூப்பில இருக்கிற 62 வயசு அண்ணையை யோசிச்சுப் பாருங்கோ. ஒஸ்லோவில நர்ஸா இருக்கிற சொந்தத் தங்கச்சி, எங்கட நாட்டில இதை நிப்பாட்டிப்போட்டாங்கள் அண்ணை எண்டு போடுறா. அது பொய் இல்லை, வதந்தி இல்லை, உண்மைச் செய்தி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் பிபிசி ஒண்டைத்தான் பாக்கிறான், அவனுக்கு இந்தக் குழப்பமே இல்லை. இந்த அண்ணையைப் போய் பொய்ச் செய்தியை நம்புற ஆள் எண்டு சொன்னா அது அநியாயம். அவருக்கு வந்தது கூடுதலான உண்மை, ஆனா அதை ஒண்டோட ஒண்டு வச்சு விளங்கப்படுத்த ஒருத்தரும் இல்லை.

நான் என்ன சொன்னனான் எண்டா, முதல்ல தங்கச்சி சொன்னது சரி அண்ணை எண்டுதான் தொடங்குவன். பிறகு கணக்கைச் சொல்லுவன். மார்ச் முடிவு வரைக்கும் பிரிட்டனில 2 கோடி ஊசிக்கு மேல போட்டு, அந்த அபூர்வமான ரத்தக்கட்டிப் பிரச்சினை 79 பேருக்கு வந்தது, 19 பேர் செத்தவை. பத்து லட்சம் ஊசிக்கு நாலு பேர் மாதிரி. இளம் வயசுக்காரருக்குக் கொஞ்சம் கூட, வயசு போனவைக்குக் குறைவு, அதால தான் ஏப்ரல் 7இல இஞ்ச 30 வயசுக்குக் கீழ இருக்கிறவைக்கு வேற ஊசி குடுக்கச் சொன்னது, மேயில அதை 40 வரைக்கும் கூட்டினது. மற்றப் பக்கம், ஜனவரி 20ஆம் தேதி ஒரே நாளில மட்டும் பிரிட்டனில 1,820 சாவு அறிவிச்சவங்கள். நோர்வேயில தொற்று குறைவு, கையில வேற ஊசியும் இருந்தது, அவை பொறுக்கலாம். இஞ்ச 60 வயசில சுகரும் பிறஷரும் இருக்கிற ஒராள் பொறுத்தா, பொறுக்கிறதுதான் ஆபத்து. ரெண்டு நாட்டுக்காரரும் ஒரே விசயத்தைத்தான் பாத்தவை, நிலைமை வேற, அதால முடிவும் வேற. இவ்வளவையும் ஆறுதலாச் சொல்ல பத்து நிமிசம் காணும், ஆனா அந்தப் பத்து நிமிசம் ஒரு நோட்டீசிலயும் இருக்கேல்ல. சாவைப் பற்றின கணக்கை மறைச்சிருந்தா அவர் எழும்பிப் போயிருப்பார், ஏனெண்டா அவருக்கு அது ஏற்கனவே தெரியும், எனக்கும் தெரியுமோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தவர்.

அடுத்தது நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15இல சென்னையில ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில எல்லாருக்கும் முன்மாதிரியா இருக்கட்டும் எண்டு ரீவிக்கு முன்னால ஊசி போட்டவர், அடுத்த நாள் மாரடைப்பில விழுந்து, 17ஆம் தேதி விடிய இறந்துபோனார். அந்த மனுசனில எங்களுக்கு எவ்வளவு பாசம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீடியோவும் இறந்த செய்தியும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா வந்து விழுந்த கிழமை, புக் பண்ணி வச்ச எங்கட ஆக்கள் வராமல் விட்டதை நான் கண்ணால கண்டனான். அவர் போட்டது இந்தியாவில செய்த கோவாக்சின், அந்த ஊசி லண்டனில போடுறதே இல்லை. அவருக்கு இதயத்துக்குப் போற முக்கிய குழாய் முழுசா அடைச்சிருந்தது எண்டு டொக்டர்மார் அண்டைக்கே சொன்னவை, குழாயில அப்பிடிக் கொழுப்புப் படிஞ்சு வாறது ஒரு நாளில நடக்கிற விசயம் இல்லை. ஒக்ரோபரில இந்திய அரசின்ர குழு ஆராய்ஞ்சு, ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை எண்டு அறிவிச்சது. ஆனா ஆறு மாதம் கழிச்சு வந்த அந்த அறிவிப்பை எத்தினை பேர் ஃபோர்வேட் பண்ணினவை? அதால, இப்பிடி ஒண்டு நடந்தா அதே நாளில ஒரு தமிழ் டொக்டர் ரெண்டு நிமிச வொய்ஸ் மெசேஜ் போட வேணும். இதுவரைக்கும் தெரிஞ்சது இது, இன்னும் தெரியாதது இது எண்டு. விசாரணை முடியட்டும் எண்டு பேசாமல் இருந்தா அந்த இடத்தை வேற ஆரோ நிரப்பிப்போடுவினம்.

அரசாங்கத்தில நம்பிக்கை இல்லாதது இன்னும் ஆழமான விசயம். எங்கட ஆக்களுக்கு அரசாங்கம் எண்டா ஐடி காட், செக்பொயின்ற், பதிவு. 2013இல கிளிநொச்சிப் பக்கம் சில கிராமங்களில பெண்களைக் கிளினிக்குக்கு வரச்சொல்லிப்போட்டு, சரியா விளங்கப்படுத்தாமல் கருத்தடை மருந்தை உடம்பில வச்சவை எண்டு குற்றச்சாட்டு வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, இந்த ஊசி போட்டா பிள்ளை பிறக்காதாம் எண்ட கதையைக் கேக்கேக்க, அவளுக்கு அது புதுக் கதை இல்லை. அதை மூடநம்பிக்கை எண்டு தள்ளினா, அவளின்ர அனுபவத்தையும் சேர்த்துத் தள்ளுறது மாதிரி.

லண்டனில விசா இல்லாமல், கேஸ் முடியாமல் இருக்கிற பெடியளுக்குப் பயம் வேற: பேரைக் குடுத்தா விசா விசயம் பாக்கிற ஹோம் ஒஃபிசுக்குப் போகுமோ எண்டது. 2021 பெப்ரவரியில அரசாங்கம் தெளிவா அறிவிச்சது, ஊசி எல்லாருக்கும் இலவசம், விசா பாக்க மாட்டம் எண்டு. ஜிபியில பதியவும் பாஸ்போட்டோ அட்ரஸ் லெட்டரோ கட்டாயம் இல்லை, அது முந்தியே இருந்த விதி. ஆனா ரிசெப்சனில இருக்கிற ஆள் பாஸ்போட் கொண்டு வா எண்டு கேட்டா அந்தப் பெடியன் திரும்ப வரமாட்டான். அப்பிடி வந்த பெடியளுக்கு, கூட ஒராள் போய் பக்கத்தில நிண்டு, விதி இதுதான் எண்டு மரியாதையாச் சொன்னதுதான் வேலை செய்தது. போஸ்டர் ஒண்டும் வேலை செய்யேல்ல.

பிள்ளைத்தாச்சிப் பெண்களின்ர விசயத்தை நினைச்சா இப்பவும் நெஞ்சு கனக்குது. தொடக்கத்தில பிள்ளைத்தாச்சியளை வச்சுப் பரிசோதனை செய்யாததால அவையைப் பொதுவா போட வேண்டாம் எண்டுதான் சொன்னவை. 2021 ஏப்ரலில அது மாறி, ஃபைசரோ மொடேர்னாவோ போடலாம் எண்டு வந்தது. ஆனா முதல் சொன்னதுதான் மாமிமாரின்ர மனசில நிண்டது, ரெண்டாவது போய்ச் சேரேல்ல. அந்த வருசம் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில இங்கிலாந்தில, நுரையீரல் வேலையை மெசின் செய்ய வேண்டின அளவுக்கு மோசமா இருந்த கொரோனா நோயாளரில கிட்டத்தட்ட ஐஞ்சில ஒராள் ஊசி போடாத பிள்ளைத்தாச்சி. இந்தக் கணக்கைப் பொதுவிலயும் விடக்கூடாது, பயப்படுத்தவும் கூடாது, அந்தப் பிள்ளையையும் மாமியையும் ஒண்டா இருத்தி வச்சுச் சொல்ல வேணும். வீட்டில முடிவெடுக்கிறது கனநேரம் மாமிதான், பிள்ளைக்கு மட்டும் சொல்லி அனுப்பினா வீட்டுக்குப் போய் கதை மாறிடும்.

பண்டிக்கொழுப்பு, மாட்டுச் சாமான், டிஎன்ஏ மாறும், சிப் வைக்கினம் எண்ட கதையள் உண்மையா எங்கட சனத்தில பெரிய தடையா இருக்கேல்ல, ரெண்டு வசனத்தில தீர்ந்துபோற விசயம். 2021இல பிரிட்டனில பாவிச்ச ஃபைசர், அஸ்ட்ராசெனெகா, மொடேர்னா மூண்டு ஊசியிலயும் ஜெலட்டினோ விலங்குப் பொருளோ இல்லை. ஃபைசரிலயும் மொடேர்னாவிலயும் இருக்கிற எம்ஆர்என்ஏ எண்ட பொருள் கொஞ்ச நாளில உடம்பில கரைஞ்சு போயிடும், டிஎன்ஏ இருக்கிற இடத்துக்கே அது போறதில்லை. இவ்வளவு கெதியா எப்பிடிச் செய்தவங்கள் எண்ட கேள்விதான் அதை விட நியாயமானது: பத்துப் பதினைஞ்சு வருசமாச் செய்த ஆராய்ச்சி கையில இருந்தது, காசு முன்னுக்கே வந்தது, ஒண்டுக்குப் பிறகு ஒண்டாச் செய்யிற பரிசோதனைக் கட்டங்களைக் கொஞ்சம் ஒண்டுக்கு மேல ஒண்டாச் செய்தவங்கள், ஃபைசர் பரிசோதனையில மட்டும் 43,000 பேருக்கு மேல சேர்ந்தவை. ஒரு கட்டத்தையும் விட்டுத் தாண்டேல்ல.

சரி, தயக்கம் எண்டு எழுதினதில பாதி தயக்கமே இல்லை. கனடாவைப் பாருங்கோ. ஸ்காபரோவில தொற்று ஏறி நிக்கேக்க, 2021 ஏப்ரல் நடுவில மருந்து வராமல் ரெண்டு பெரிய கிளினிக்கை மூடி, 10,000 அப்பொயின்ற்மென்ற் அளவில தள்ளிப்போட்டவங்கள். ரெண்டு பஸ் மாறி வேர்ஹவுசுக்குப் போற ஒராள், ஒரு தரம் போய்த் திரும்பி வந்தா, அடுத்த தரம் சம்பளத்தை விட்டுட்டுப் போவாரோ? ஊசி போட்ட அடுத்த நாள் காய்ச்சல் வந்தா ஆர் சம்பளம் தாறது? ஒன்ராறியோ மூண்டு நாள் சம்பள லீவு அறிவிச்சதே ஏப்ரல் கடைசியில தான், அதுக்குள்ள மூண்டாவது அலை வந்து அடிச்சுப்போட்டுது. பிறகு பள்ளிக்கூடத்திலயும் கொம்யூனிற்றி சென்ரரிலயும் வீட்டுக்குக் கிட்ட பொப்-அப் கிளினிக் வைக்க, விடியவே சனம் லைனில நிண்டது. ஜூன் 27இல ரொறன்ரோ ஸ்கோஷியாபாங்க் அரீனாவில ஒரே நாளில 26,771 பேருக்குப் போட்டவங்கள்.  அதால ஒராள் வரேல்ல எண்டா மனசை மாத்த முதல், நேரம், இடம், லீவு, பஸ், பிள்ளையைப் பாக்க ஆள், இதையெல்லாம் கேளுங்கோ.

கதைக்கிற விதத்தைப் பற்றி. விளக்கத்தோட தொடங்காதேங்கோ, கேள்வியோட தொடங்குங்கோ: "உங்களுக்கு எது பயமா இருக்கு?" எண்டு மட்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ. கனதரம் முதல் சொல்லுற காரணம் உண்மையான காரணம் இல்லை. ஒரு ஐயா பின்விளைவு, பின்விளைவு எண்டே சொல்லிக்கொண்டிருந்தார், கனநேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது அவற்ற மனுசி கொரோனாவில ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரேல்ல, செத்தவீட்டுக்கு 30 பேருக்கு மேல வர ஏலாத காலம், தமையன்மார் சூமில தான் பாத்தவை. அவருக்கு ஆஸ்பத்திரியில கோபம், ஊசியில இல்லை. அதைக் கேட்டு முடிக்காமல் நான் ரத்தக்கட்டிக் கணக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அண்டைக்கு ஊசியைப் பற்றி நான் கதைக்கவே இல்லை. பிறகு அவரே வந்தவர்.

பின்விளைவை ஒளிக்காதேங்கோ. இரவைக்குக் காய்ச்சல் வரலாம், உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், பரசிற்றமோல் போடுங்கோ, நாலு நாளுக்குப் பிறகு தலையிடி விடாமல் இருந்தா உடன வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினா, காய்ச்சல் வரேக்க, சொன்னமாதிரித்தான் நடக்குது எண்டு நம்பிக்கை கூடும். சொல்லாமல் விட்டா அதே காய்ச்சல் குறூப்பில கதையா வரும். ஃபைசர், மொடேர்னா ஊசியால இளம் பெடியளுக்கு இதயத் தசையில வீக்கம் வாறது அபூர்வம், ஆனா உண்மை, 2021 ஒக்ரோபரில சுவீடன் 30 வயசுக்குக் கீழ மொடேர்னாவை நிப்பாட்டினது அதாலதான். அது எங்கட குறூப்புக்கு அண்டைக்கே வந்திட்டுது, அதுக்கு முதலே நாங்கள் சொல்லியிருந்தா எங்கட சொல்லுக்கு மதிப்பு.

கட்டாயப்படுத்தினதைப் பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். இங்கிலாந்தில 2021 நவம்பர் 11இல இருந்து கெயர் ஹோமில (வயசு போனவையைப் பராமரிக்கிற இல்லங்களில) வேலை செய்ய ரெண்டு ஊசியும் கட்டாயம் எண்டவங்கள், அடுத்த மார்ச்சில அதை எடுத்தும் விட்டவங்கள். அந்த வேலையில எங்கட பெண்கள் கனபேர். கட்டாயத்தால கொஞ்சப் பேர் போட்டவை, உண்மை. ஆனா வேலையை விட்டுப் போன ஒருத்திக்கு, நாலு மாதத்தில சட்டம் இல்லையாம் எண்டா, அவ இனி அந்த ஒஃபிஸ் சொல்லுற எதை நம்புவா? என்ர கருத்து, நோயாளரோட நேர வேலை செய்யிறவைக்கு ஊசி தேவை எண்டதில எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனா கதைச்சு முடிக்காமல் சட்டத்தை எடுத்தது பிழை.

இப்ப சங்கமும் கோயிலும் என்ன செய்யலாம் எண்டது. 2021 ஜனவரியில பேர்மிங்காமில ஒரு மசூதியில ஊசி போடத் தொடங்கினவங்கள், பிறகு லண்டன் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயிலிலயும் போட்டவங்கள். சனம் வந்தது, ஏனெண்டா செருப்பை எங்க கழட்டுறது எண்டு தெரிஞ்ச இடம். 2021 ஜனவரியிலயே பிபிசி, தமிழ் உட்பட ஐஞ்சு தெற்காசிய மொழியளில விளக்க வீடியோ போட்டது, நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதன் மாதிரி ஆக்களும் சேர்ந்து ஒரு வீடியோ செய்தவை, அது பிள்ளையளுக்குப் பிடிச்சது. வயசு போனவைக்கு வீடியோவை விட, தேர்த்திருவிழாவில தண்ணிப்பந்தல் போடுற, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஒராள் நான் போட்டிட்டன் எண்டு சொன்னதுதான் வேலை செய்தது.

ஆனா நோய் வந்தாப் பிறகு அந்த ஆளைத் தேடக்கூடாது. இப்பவே செய்யக்கூடியது இருக்கு. தமிழ் கதைக்கிற டொக்டர், நர்ஸ், பாமசிஸ்ட், மிட்வைஃப் ஆர் ஆர் உங்கட பகுதியில இருக்கினம் எண்டு கேட்டு, போன் நம்பரோட ஒரு பட்டியல் எடுங்கோ. மற்ற நாட்டில இருக்கிற தமிழ் நர்ஸ்மாரையும் சேர்த்து ஒரு சின்னக் குறூப் வச்சிருங்கோ, ஒஸ்லோவில ஒண்டு நடந்தா ஏன் நடந்தது எண்டு அண்டைக்கே கேட்டு லண்டன் சனத்துக்குச் சொல்ல. தனிய இருக்கிற அம்மா அப்பாமாரின்ர பட்டியலும், அவையைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய கார் உள்ள பெடியளின்ர பட்டியலும் எடுங்கோ. மாதத்தில ஒரு ஞாயிறு, தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற மண்டபத்தில பிறஷரும் சுகரும் பாருங்கோ, எங்கட சனத்துக்கு அந்த ரெண்டும் எப்பிடியும் தேவை. ஒக்ரோபரில ஃப்ளூ ஊசியை அதே மண்டபத்தில, அதே ஆக்களைக் கொண்டு போடுங்கோ, உங்கட பகுதிப் பாமசிக்காரரிட்ட கேட்டா கனபேர் வந்து போட்டுத் தருவினம். ஒகஸ்டிலயே கேளுங்கோ, செப்டம்பருக்குப் பிறகு அவைக்கு மூச்சு விட நேரம் இருக்காது.